இசை வரலாற்றாசிரியர் ரோமெய்ன் ரோலந்து



ரோமெய்ன் ரோலந்து என்ற பெயர் உங்களில் பலருக்குப் பழக்கமானது. காந்தியைப் பற்றி 1924-இல் ஒரு சிறு நூல் எழுதி ஐரோப்பாவைத் திரும்பிப் பார்க்க வைத்தவர். ராமகிருஷ்ணரின் வரலாற்றையும் விவேகானந்தரின் வரலாற்றையும் எழுதியவர். 1915-ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர். இந்த மூன்று முகங்களையும் நாம் அறிவோம். ஆனால் மாதச் சம்பளத்துக்கு அவர் செய்த வேலை வேறு. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் அவர் இசை வரலாறு சொல்லிக்கொடுத்த ஆசிரியர். முப்பது வயதுக்கு முன்பே ஆப்பெராவின் தோற்றம் பற்றி ஆய்வேடு எழுதி முனைவர் பட்டம் பெற்றவர். சாகும் வரை பீத்தோவனின் கையெழுத்துப் படிகளோடு மல்லுக்கட்டியவர். அவரது நாவலும் போர் எதிர்ப்பும் இந்தியாவைப் பற்றிய நூல்களும் இந்த இசை ஆய்விலிருந்து முளைத்தவை என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இன்று அந்த இசை ஆய்வாளரைப் பற்றியே பேசப்போகிறேன்.

பிரான்சின் நடுப்பகுதியில், பர்கண்டி வட்டாரத்தில் கிளம்சி என்றொரு சிறிய ஊர். அங்கே 1866 ஜனவரி 29 அன்று பிறந்தார். தந்தை அவ்வூரில் பத்திரப் பதிவு செய்யும் நோட்டரி. தாய் ஆழ்ந்த பக்தியும் இசைப் பற்றும் உடையவர். மகனுக்கு முதன்முதலில் பியானோ சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பையன் நல்ல பள்ளியில் படிக்க வேண்டும் என்பதற்காக 1880-இல் தந்தை தொழிலை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு பாரிசுக்குப் போய் ஒரு வங்கியில் வேலைக்கு அமர்ந்தார். ஒரு குடும்பம் மொத்தமும் ஒரு பிள்ளையின் படிப்பின் மேல் வைத்த பாரம் அது. அந்தப் பிள்ளை இசைக்காரன் ஆவதாகச் சொன்னால் வீடு தாங்குமா? தாங்காது. லூயி லெ கிராண் பள்ளியில் பின்னாளில் பெருங்கவிஞரான போல் குளோதெல் அவருடைய வகுப்புத் தோழர். இருவரும் சேர்ந்து வாக்னர் இசை கேட்கக் கச்சேரிகளுக்கு ஓடினார்கள். அதன் நடுவே, நாட்டின் மிகக் கடினமான நுழைவுத் தேர்வுகளில் ஒன்றான எக்கோல் நோர்மால் தேர்வில் இரண்டு முறை தோற்று, 1886-இல் தேறினார். உள்ளே போனதும் தத்துவத்தை விட்டு வரலாற்றைப் பாடமாக எடுத்துக்கொண்டார். இசையைத் தொழிலாகக் கொள்ள முடியாது என்றானபின் அவர் பிடித்துக்கொண்ட ஊன்றுகோல் வரலாறு. அந்த ஊன்றுகோலை வைத்துக்கொண்டே பின்னால் இசைக்கு வழி கண்டுபிடித்தார்.

மாணவராக இருந்தபோது அவருக்கு ஒரு பெரிய அதிர்ச்சி. அவர் கோயில் கட்டிக் கும்பிட்ட டால்ஸ்டாய் கலைகளைக் கண்டிக்கத் தொடங்கியிருந்தார். உழைக்கும் மக்களுக்கு எட்டாத கலை வீண் என்றார்; பீத்தோவனையும் விட்டுவைக்கவில்லை. பீத்தோவன் இல்லாமல் மூச்சுவிட முடியாத இளைஞனுக்கு இது என்ன சோதனை! ரோலந்து 1887-இல் டால்ஸ்டாய்க்குக் கடிதம் எழுதினார். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அக்டோபரில் வந்தது: பிரெஞ்சு மொழியில், பல பக்கங்களில், சகோதரா என்று விளித்து. முன்பின் அறியாத ஒரு மாணவனுக்காக உலகப் புகழ் பெற்றவர் அத்தனை நேரம் செலவிட்டாரே என்பதுதான் ரோலந்தின் வாழ்க்கையை மாற்றியது. டால்ஸ்டாயின் மனித அன்பை அவர் எடுத்துக்கொண்டார். இசையைப் பற்றிய தீர்ப்பை மட்டும் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்புக்கு அவர் வாழ்நாள் முழுவதும் பதில் எழுதிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் அது மிகையில்லை.

1889-இல் வரலாற்றில் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி, ரோமில் உள்ள பிரெஞ்சு ஆய்வுப் பள்ளிக்குப் போனார். ஃபார்னேசே அரண்மனையில் இருக்கிறது அந்தப் பள்ளி. அங்கே இரண்டு ஆண்டுகள். அங்குதான் மால்விடா ஃபான் மைசன்புக் என்ற ஜெர்மானிய மூதாட்டியைச் சந்தித்தார். அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. வாக்னருக்கும் நீட்சேவுக்கும் நெருங்கிய தோழியாக இருந்தவர். அந்த அம்மையாருக்காக ரோலந்து பியானோ வாசித்தார். அவர் ஒரு தலைமுறை ஜெர்மானியச் சிந்தனையைப் பேச்சு வழியே இந்தப் பிரெஞ்சு இளைஞனுக்குக் கைமாற்றினார். பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றது 1871-இல். இது நடந்தது இருபதே ஆண்டுகள் கழித்து. பாரிஸ் பள்ளிகள் பழிவாங்கும் உணர்ச்சியை ஊட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவர் ஒரு ஜெர்மானியப் பெண்மணியை இரண்டாவது தாயாகக் கொண்டார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1914-க்கு வரும்போது இது தேவைப்படும்.

1892-இல் மொழியியல் அறிஞர் மிஷேல் ப்ரெயாலின் மகள் குளோதில்தை மணந்தார். மீண்டும் ரோமுக்குப் போய், இத்தாலிய நூலகங்களில் பழைய இசைக் கையெழுத்துப் படிகளைத் தேடிப் படித்தார். அந்த உழைப்பின் பயன்தான் 1895-இல் பாரிஸ் பல்கலைக்கழகமான சொர்போனில் அவர் அளித்த ஆய்வேடு. லுல்லிக்கும் ஸ்கார்லாத்திக்கும் முந்திய ஐரோப்பிய ஆப்பெராவின் வரலாறு அது. துணை ஆய்வேடு ஒன்றையும் அன்றைய விதிப்படி லத்தீனில் எழுத வேண்டியிருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியம் ஏன் சரிந்தது என்பதை அதற்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். ஓவியம் சரிகிற அதே நாட்டில், கிட்டத்தட்ட அதே காலத்தில் ஆப்பெரா பிறக்கிறது. ஒரே ஆய்வாளர் ஒரே நேரத்தில் இந்த இரண்டையும் ஆராய்ந்தார் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு கலை ஓய்ந்தபோது மக்களின் உயிர்ப்பு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதே அவர் மனத்தில் இருந்த கேள்வி.

இன்று மான்டெவெர்டியின் ஆப்பெராக்களை உலகின் பெரிய அரங்குகள் எல்லாம் நடத்துகின்றன. 1895-இல் நிலைமை அப்படி இல்லை. மான்டுவாவில் 1607-இல் அரங்கேறிய அவருடைய ‘ஓர்ஃபெயோ’ நூலகத் தூசியில் கிடந்தது. நேப்பிள்ஸ் நகரத்து புரோவென்சாலே போன்றவர்களைப் பெயரளவில் அறிந்தவர்களே மிகக் குறைவு. ரோலந்து அவர்களுடைய இசையை ஏட்டிலிருந்து படித்து, மனத்துக்குள் ஒலிக்கவிட்டு, இது உயிருள்ள நாடகம் என்று எழுதினார். பதிவுத் தட்டு கிடையாது, அச்சிட்ட பதிப்பு அரிது, ஒரு பாடலை ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நகரத்துக்கு ரயில் ஏற வேண்டும். அந்த நிலையில் ஒருவர் இப்படி எழுதியதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. சில ஆண்டுகளில், 1904-இல், இசையமைப்பாளர் வேன்சான் தாந்தி பாரிசின் ஸ்கோலா கான்டோரம் இசைப் பள்ளியில் ‘ஓர்ஃபெயோ’வைப் பாட வைத்தார். ஏடு மேடைக்கு ஏறத் தொடங்கியது.

அவருடைய ஆய்வு முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1647-இல் பாரிஸ் அரண்மனையில் லுயிஜி ரோஸ்ஸியின் ‘ஓர்ஃபெயோ’ நடந்தது. இதைப் பற்றி எழுதும் இசை அறிஞர் ராகம் என்ன, தாளம் என்ன என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். ரோலந்து அப்படிச் செய்யவில்லை. ரோமில் போப்பாண்டவர் மாறியதும் செல்வாக்கு இழந்த பார்பெரினி குடும்பம் பிரான்சுக்கு ஓடிவருகிறது. பிரான்சை ஆளும் கார்டினல் மசாரின் தாமே ஓர் இத்தாலியர். இத்தாலியப் பாடகர்களை வரவழைத்து அரசவையை மயக்கப் பார்க்கிறார். செலவைக் கண்டு பாரிஸ் மக்கள் கொதிக்கிறார்கள். மறு ஆண்டு ஃபிரோந்து கலகம் வெடிக்கும்போது மசாரினைத் தூற்றுகிறவர்களின் வாயில் இந்த ஆப்பெராவும் விழுகிறது. இந்தக் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் ரோலந்து இசைக்குள் நுழைகிறார். அவர் கையில் ஒரு பாட்டு, வரிக் கணக்கும் தூதுவர் கடிதமும் போல, ஒரு காலத்தின் சாட்சியாகிறது.

இதைக் கொள்கையாகவே அவர் ஒரு கட்டுரையில் எழுதிவைத்தார். 1908-இல் வெளிவந்த ‘அன்றைய இசைவாணர்கள்’ என்ற நூலின் முகப்பில் அது இருக்கிறது. பொது வரலாற்றில் இசையின் இடம் என்ன என்பது அதன் பொருள். அரசியல் வரலாறு, இலக்கிய வரலாறு, ஓவிய வரலாறு எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள், இசையை மட்டும் ஏன் வாசலில் நிறுத்துகிறீர்கள் என்று வரலாற்றாசிரியர்களை அவர் கேட்கிறார். வாசலில் நிறுத்தினால் என்ன நட்டம்? அதற்கும் பதில் சொல்கிறார். 1618 முதல் 1648 வரை முப்பது ஆண்டுப் போர் ஜெர்மனியைச் சூறையாடியது. ஊர்கள் எரிந்தன, மக்கள் மாண்டனர். அரசியல் ஆவணங்களைப் படிக்கிறவர் இந்த நாடு ஒரு நூற்றாண்டுக்குத் தலையெடுக்காது என்று எழுதிவிடுவார். ஆனால் அதே இடிபாடுகளுக்கு நடுவே ஹைன்ரிக் ஷ்யூட்ஸ் எழுதிக்கொண்டிருந்தார். போர் முடிந்து நாற்பது ஆண்டு ஆவதற்குள், 1685-இல், பாக்கும் ஹேண்டலும் பிறந்துவிட்டார்கள். அந்த மக்களின் உள்வலிமை இசையில் ஓடிக்கொண்டிருந்தது. காது கொடுக்காத வரலாற்றாசிரியருக்கு அது தெரியவில்லை. அதற்கும் முன்னால், ரோமாபுரி படையெடுப்புகளில் நொறுங்கிக் கிடந்த நூற்றாண்டுகளில்தான் கிரிகோரியன் வழிபாட்டு இசை உருவானது என்கிறார். அந்த இசைக்கும் கிரிகோரி பாப்பரசருக்கும் அவர் காலத்தவர் சொன்ன நேரடித் தொடர்பை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனாலும் அவர் எழுப்பிய கேள்வி வலுவிழக்கவில்லை. ஒரு காலத்தை இருண்ட காலம் என்று முத்திரை குத்துவதற்கு முன் அது என்ன பாடியது என்று கேட்டீர்களா?

ஆட்களைச் சேர்ப்பதிலும் அவர் பின்தங்கவில்லை. 1900-இல் பாரிசில் உலகக் கண்காட்சியை ஒட்டி இசை வரலாற்று மாநாடு கூடியபோது அதன் அமைப்பாளர்களில் ஒருவர். மறு ஆண்டு கோம்பரியோ, ஓப்ரி, லாலுவா முதலியோருடன் சேர்ந்து இசை ஆய்வுக்கென ஓர் இதழ் தொடங்கினார். 1904-இல் சொர்போனில் இசை வரலாறு கற்பிக்கத் தொடங்கினார். பாடம் சொல்லும்போதே பியானோவில் அமர்ந்து வாசித்துக் காட்டுவார். ஆன்ரி ப்ருனியேர், போல்-மரி மாஸோன் போன்று பின்னாளில் பிரெஞ்சு இசையியலைத் தூக்கி நிறுத்தியவர்கள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள்தாம்.

அவருடைய இலக்கியக் காதும் இசைக் காதும் ஒன்றாக வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமானால் 1905-ஆம் ஆண்டுக் கடிதங்களைப் படிக்க வேண்டும். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் ‘சலோமே’ ஆப்பெராவை எழுதி முடித்திருந்தார். ஆஸ்கார் வைல்ட் அந்த நாடகத்தை முதலில் எழுதியது பிரெஞ்சில். ஜெர்மன் மொழிபெயர்ப்புக்கு இசையமைத்த ஸ்ட்ராஸ், மூலப் பிரெஞ்சு வரிகளுக்கே பாடும் பகுதியைத் திருத்தி எழுத ஆசைப்பட்டார். யாரிடம் கேட்பது? ரோலந்திடம் கேட்டார். பிரெஞ்சுக்காரர்கள் பேசுவது ஒரு மாதிரி, பாடுவது ஒரு மாதிரி இருக்கிறதே, சொல்லின் கடைசியில் வாயில் கரையும் எகரத்துக்கு ஏன் சுரம் கொடுக்கிறீர்கள் என்று சலித்துக்கொண்டார் ஸ்ட்ராஸ். ஜெர்மன் உச்சரிப்பில் அழுத்தம் ஓங்கி விழும். பிரெஞ்சில் அது மெல்லியது, பொருளுக்கேற்ப இடம் மாறுவது என்று ரோலந்து பொறுமையாக விளக்கினார். டெபுஸ்ஸியின் ‘பெல்லேயாஸ்’ ஆப்பெரா ஏட்டை எடுத்துப் பாருங்கள், எங்கள் மொழியை எப்படிப் பாட வேண்டும் என்பது அதில் இருக்கிறது என்றார். ஸ்ட்ராஸ் கேட்டுக்கொண்டு சுரங்களை மாற்றினார். இரண்டு ஆண்டு கழித்து ‘பெல்லேயாஸ்’ பார்க்க ரோலந்து அவரை அழைத்துப்போனார். கூட இசையமைப்பாளர் ராவெலும் இருந்தார். முதல் அங்கம் முடிந்ததும் ஸ்ட்ராஸ், முழுதும் இப்படியேதானா என்று கேட்டதாக ரோலந்து நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இருவேறு காதுகள்! அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டையும் புரிந்துகொண்டவர் ரோலந்து. நண்பர் என்பதற்காக ஒளித்துப் பேசவும் மாட்டார். ‘சலோமே’யின் கதை உங்கள் ஆற்றலுக்குத் தகுதியானதல்ல என்று ஸ்ட்ராஸுக்கே எழுதினார்.

இந்த ஆண்டுகளில்தான் ‘ஜான் கிறிஸ்தோஃப்’ நாவலும் வந்தது. 1904 முதல் 1912 வரை பத்துப் பகுதிகளாக, சார்ல் பெகி நடத்திய சிறு வெளியீட்டில். ரைன் நதிக்கரையில் பிறந்த ஜெர்மானிய இசையமைப்பாளன் பாரிசுக்கு வந்து ஒரு பிரெஞ்சு நண்பனைக் கண்டடையும் கதை. கதாநாயகனின் குழந்தைப் பருவத்தில் பீத்தோவனின் சாயல் பளிச்சென்று தெரியும். இது பலரும் பேசியது, கடந்து போகிறேன். 1910-இல் பாரிஸ் தெருவில் ஒரு மோட்டார் வண்டி அவரை இடித்துத் தள்ளியது. பல வாரங்கள் படுக்கை. 1912-இல் பல்கலைக்கழக வேலையை விட்டார். அந்த இடத்துக்கு ஆந்த்ரே பிர்ரோ வந்தார்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது ரோலந்து சுவிட்சர்லாந்தில் இருந்தார். செப்டம்பரில் ஜெனீவா நாளிதழ் ஒன்றில் ‘போர்க்களத்துக்கு மேலே’ என்ற கட்டுரை வந்தது. இரு பக்கத்து அறிவாளிகளும் வெறுப்பை ஊட்டுவதை அவர் கண்டித்தார். பிரான்ஸ் அவரைத் துரோகி என்றது. ஏன் அப்படி எழுதினார் என்பதற்கு டால்ஸ்டாயைக் காரணம் காட்டுவார்கள். அது பாதி உண்மை. மீதியை அவருடைய தொழிலில் தேட வேண்டும். ஆல்ப்ஸ் மலையின் இரு பக்கமும் ரைன் நதியின் இரு கரையும் உள்ள நூலகங்களில் இருபத்தைந்து ஆண்டு உழைத்தவர் அவர். பிறப்பால் இத்தாலியரான லுல்லி பிரெஞ்சு ஆப்பெராவை அமைத்ததையும், ஜெர்மானியரான க்ளூக் பாரிசில் அதைப் புதுப்பித்ததையும், ஜெர்மனியில் பிறந்த ஹேண்டல் இத்தாலியில் கற்று லண்டனில் வாழ்ந்ததையும் பக்கம் பக்கமாக எழுதியவர். ரோமில் மால்விடாவை இரண்டாவது தாயாகக் கொண்டவர். எதிரி நாட்டின் பண்பாடு என்று தனியாக ஒன்று இருப்பதாக அவரால் எப்படி நம்ப முடியும்? ஐரோப்பிய இசை ஆய்வாளர்களைப் பிணைத்திருந்த சர்வதேச இசைச் சங்கம் 1914 ஜூனில்தான் பாரிசில் மாநாடு நடத்தியிருந்தது. சில வாரங்களில் சங்கமே சிதறிப்போனது. பெகி செப்டம்பரில் களத்தில் மாண்டார். இசை ஆய்வாளர் எக்கோர்ஷ்வீல் 1915-இல் மாண்டார். ரோலந்து ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் போர்க் கைதிகள் அலுவலகத்தில் உட்கார்ந்து காணாமற்போனவர்களைத் தேடும் கடிதங்களுக்குப் பதில் எழுதினார். நோபல் பரிசுத் தொகையையும் நிவாரணப் பணிகளுக்கே கொடுத்தார்.

போருக்குப் பின் 1919-இல் வந்த ‘கடந்தகால நாட்டில் இசைப் பயணம்’ என்ற நூல் எனக்கு மிகப் பிடித்தது. லண்டன் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பெப்பீஸ் 1660 முதல் 1669 வரை எழுதிய நாட்குறிப்பை எடுத்துக்கொள்கிறார். பெப்பீஸ் தொழில்முறை இசைக்காரர் அல்லர். ஆனால் வீட்டில் வேலைக்கு வரும் பெண்ணுக்குப் பாடத் தெரியுமா என்று பார்க்கிறார், தோட்டத்தில் நின்று நண்பர்களோடு பாடுகிறார், தாமே மெட்டமைக்க முயல்கிறார். அந்தத் துணுக்குகளைக் கோத்து ஒரு நகரத்தின் இசை வாழ்வையே நம் முன் நிறுத்துகிறார் ரோலந்து. அதே நூலில் டெலமானுக்கு ஒரு கட்டுரை. லைப்சிக் நகரம் 1722-இல் தன் தேவாலய இசைத் தலைமைக்கு முதலில் விரும்பியது டெலமானைத்தான். அவர் கிடைக்காமல் போகவே, மற்றொருவரையும் தாண்டி, கடைசியில் பாக்கிடம் வந்தது. பாக் புகழ் வளர வளர டெலமானை மட்டம் தட்டுவது வழக்கமாயிற்று. அந்த அநீதியை எடுத்துக்காட்டி அவருக்கு உரிய இடத்தை ரோலந்து மீட்டுக் கொடுத்தார்.

பீத்தோவன் விஷயத்தில் அவரை முழுதும் புகழ என்னால் முடியவில்லை. 1903-இல் வந்த ‘பீத்தோவன் வாழ்க்கை’ என்ற சிறு நூல் உலகெங்கும் பரவியது. துன்பத்தை வென்ற வீரன் என்ற பீத்தோவன் உருவத்தை மக்கள் மனத்தில் பதித்தது அதுதான். அந்த உருவம் மிகைப்பட்டது. பீத்தோவனின் காதலியாகத் தெரேசா ப்ருன்ஸ்விக்கை அவர் முன்னிறுத்தியதையும் இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. இந்தக் குறையை அவரே ஒருவகையில் ஈடு செய்தார். 1928-இல் தொடங்கி, பீத்தோவனின் படைப்புக் காலங்களைப் பற்றிப் பெருநூல் வரிசை ஒன்று எழுதினார். அங்கே வீரவழிபாடு குறைந்து, குறிப்பேடுகளைக் கொண்டு ஒரு கருப்பொருள் எப்படி அடித்து அடித்துத் திருத்தப்பட்டு உருவாகிறது என்ற ஆராய்ச்சி கூடுகிறது. அதே வரிசையில் கெதேவும் பீத்தோவனும் 1812-இல் டெப்ளிட்சில் சந்தித்ததைப் பற்றிய நூல் இலக்கிய ஆய்வாகவும் இசை ஆய்வாகவும் ஒரே மூச்சில் நிற்கிறது.

இந்தியத் தொடர்பும் பெரிதும் பீத்தோவன் வழியாகவே வந்தது. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதியின் மகள் மேடலின் ஸ்லேட் பீத்தோவன் பித்துக் கொண்டவர். அதைப் பேசுவதற்காகவே ரோலந்தைத் தேடி, அவர் அப்போது வசித்த சுவிட்சர்லாந்தின் வில்லநெவுக்கு வந்தார். ரோலந்து அவரிடம் காந்தியைப் பற்றிச் சொன்னார். 1925 நவம்பரில் அந்தப் பெண் சபர்மதிக்கு வந்து மீராபென் ஆனார். ரோலந்தைச் சந்தித்துப் பாடிக் காட்டிய வங்க இசைஞர் திலீப் குமார் ராய் 1928-இல் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தர் ஆசிரமத்தில் சேர்ந்தார். 1931 டிசம்பரில் வட்டமேசை மாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் காந்தி வில்லநெவில் தங்கினார். கடைசி மாலையில் பீத்தோவன் வாசிக்கும்படி கேட்டார். ரோலந்து ஐந்தாம் சிம்பொனியின் மெதுநடைப் பகுதியையும் க்ளூக்கின் ஒரு பகுதியையும் பியானோவில் வாசித்தார். ராமகிருஷ்ணரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த காலத்தில், எல்லையற்ற ஒன்றோடு கலந்த கடல் போன்ற உணர்வு பற்றி அவர் ஃப்ராய்டுக்கு எழுதினார். ஃப்ராய்டோ, ஞானநெறியும் இசையும் இரண்டுமே தமக்கு அடைத்த கதவுகள் என்று பதில் எழுதினார். ரோலந்துக்கு அந்த இரண்டு கதவுகளும் ஒன்றுதான்.

1930-களில் சோவியத் ஆட்சியின் கொடுமைகளைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசாமல் இருந்தது வருத்தத்துக்குரியது; அதை மறைக்க வேண்டியதில்லை. 1938-இல் தாயகம் திரும்பி, பிறந்த ஊருக்கு அருகிலுள்ள வெஸலேயில் குடியேறினார். ஜெர்மானியப் படை பிரான்சைப் பிடித்திருந்த ஆண்டுகளில், அந்த ஊரில் இருந்துகொண்டு, ஒன்பதாம் சிம்பொனியையும் கடைசி நால்வாத்தியப் படைப்புகளையும் பற்றி எழுதினார். அந்த நூல் 1943-இல் வெளிவந்தது. 1944 டிசம்பர் 30 அன்று காலமானார். வரிசையின் கடைசிப் பகுதி அவர் இறந்த பிறகு வந்தது.

அவரைப் படிக்க விரும்பும் இளைஞர்கள் ‘பீத்தோவன் வாழ்க்கை’யிலிருந்து தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெப்பீஸ் கட்டுரையை முதலில் படியுங்கள், அடுத்து டெலமான், அதன்பின் பொது வரலாற்றில் இசையின் இடம் பற்றிய அந்த முகப்புக் கட்டுரை. மூன்றையும் சில மாலைகளில் முடித்துவிடலாம். முடித்த பிறகு காந்தி நூலையும் விவேகானந்தர் நூலையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். அவற்றை எழுதியவர் ஓர் இசை ஆசிரியர் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.